சீல்டு லெட் ஆசிட் பேட்டரி: செலவில்லாமல், ஆபத்தில்லாமல் சார்ஜ் செய்ய

யுபிஎஸ், எமர்ஜென்சி லைட், அலாரம் பெட்டி, குழந்தைகள் ஏறி ஓட்டும் பொம்மை கார் என்று எதைத் திறந்தாலும் உள்ளே செங்கல் மாதிரி கனமாக ஒரு பெட்டி உட்கார்ந்திருக்கும். அதுதான் சீல்டு லெட் ஆசிட் பேட்டரி, அதாவது மூடி அடைத்த ஈய-அமில பேட்டரி. அதிகம் கண்ணில் படுவது 12 வோல்ட், 7 ஏஎச் அளவு (ஏஎச் என்பது ஆம்பியர்-அவர், பேட்டரி எவ்வளவு மின்சாரம் சேமிக்கும் என்ற கணக்கு). எடை இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். தண்ணீர் ஊற்ற வேண்டாம், ஆசிட் சிந்தாது, விலையும் அதிகமில்லை. பொறுமையான பேட்டரிதான். ஆனால் இரண்டு விஷயங்களை மட்டும் அதனால் தாங்க முடியாது: காலியாகக் கிடப்பது, அளவுக்கு மீறிச் சார்ஜ் ஏற்றப்படுவது.

இந்த இரண்டிலிருந்தும் அதைக் காப்பாற்ற விலை உயர்ந்த சார்ஜர் தேவையில்லை. வோல்டேஜ் சரியாக இருந்தால் போதும். வோல்டேஜைச் சரியாக வைத்து, ஆரம்பக் கரண்ட்டுக்கு ஓர் உச்சவரம்பும் போட்டுவிட்டால், எவ்வளவு எடுத்துக்கொள்வது, எப்போது நிறுத்துவது என்பதை பேட்டரியே பார்த்துக்கொள்ளும். கீழே சொல்லப்போவதெல்லாம் அந்த வோல்டேஜை எப்படிச் சரியாக வைப்பது என்பதைப் பற்றித்தான்.

எண்கள் எல்லாம் 12 வோல்ட் பேட்டரிக்கானவை. 6 வோல்ட் பேட்டரி என்றால் வோல்டேஜைப் பாதியாக்கிக்கொள்ளுங்கள்.

முதலில் பெட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள்

பேட்டரியின் மேலோ பக்கவாட்டிலோ சிறிய எழுத்தில் சில வரிகள் அச்சிடப்பட்டிருக்கும். பெரும்பாலானோர் அதைப் படிப்பதே இல்லை. உண்மையில் உங்களுக்குத் தேவையான முழு விவரமும் அங்கேதான் இருக்கிறது. ஒரு 7 ஏஎச் பேட்டரியில் பெரும்பாலும் இப்படி இருக்கும்:

ஸ்டாண்ட்பை யூஸ்: 13.5 முதல் 13.8 வோல்ட்
சைக்கிள் யூஸ்: 14.4 முதல் 15.0 வோல்ட்
இனிஷியல் கரண்ட்: 2.1 ஆம்ப்புக்குள்

ஸ்டாண்ட்பை என்பது எப்போதும் சார்ஜரிலேயே இணைந்து காத்திருக்கும் பேட்டரிக்கு. யுபிஎஸ், அலாரம் எல்லாம் இந்த வகை. இந்த வோல்டேஜில் மாதக்கணக்கில் விட்டுவைக்கலாம். சைக்கிள் என்பது தினமும் பயன்படுத்தித் தீர்த்து, மறுபடி நிரப்பும் பேட்டரிக்கு. இந்த உயர்ந்த வோல்டேஜில் சீக்கிரம் நிரம்பும். ஆனால் நிரம்பியதும் கழற்றிவிட வேண்டும். இந்த நிபந்தனையை மறந்து 14.4-லேயே நாள்கணக்கில் விட்டுவிடுவதுதான் நல்ல பேட்டரிகளைக் கொல்கிற வழக்கமான தவறு.

மூன்றாவது வரி கரண்ட்டின் உச்சவரம்பு. ஏஎச் எண்ணில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது என்பதே அதன் பொருள். அவசரம் இல்லையென்றால் நான் பத்தில் ஒரு பங்கையே வைப்பேன். 7 ஏஎச்சுக்கு 0.7 ஆம்ப். பேட்டரி சூடாகாது, சார்ஜரும் சூடாகாது.

உங்கள் பேட்டரியில் அச்சிட்டிருக்கும் எண் இங்கே நான் சொல்வதோடு ஒத்துப்போகவில்லை என்றால் பேட்டரி சொல்வதையே கேளுங்கள். முக்கியமாக, ஆசிட் கூழாக இருக்கும் ஜெல் வகை பேட்டரிகளில் மேல் வரம்பு 14.1, 14.2 என்று குறைவாக இருக்கும். நாம் அதிகம் பார்ப்பது ஏஜிஎம் வகை. அதில் ஆசிட் மெல்லிய கண்ணாடி இழைப் பாயில் உறிஞ்சப்பட்டு நிற்கிறது. வெளியே பார்த்து இரண்டையும் பிரித்தறிவது கஷ்டம். அதனாலும் அந்தச் சிறிய எழுத்தைப் படிக்க வேண்டும்.

உள்ளே என்ன நடக்கிறது

12 வோல்ட் பெட்டிக்குள் ஆறு செல்கள் தொடராக இணைந்திருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஓர் ஈயத் தகடு, ஓர் ஈய டை-ஆக்சைடு தகடு, நடுவே கந்தக அமிலம். மின்சாரம் எடுக்க எடுக்க, இரண்டு தகடுகளின் மேலும் ஈய சல்ஃபேட் படிகிறது, அமிலம் நீர்த்துப்போகிறது. சார்ஜ் போடும்போது அந்த சல்ஃபேட் கரைந்து தகடுகள் பழைய நிலைக்குத் திரும்புகின்றன.

புதிதாகப் படிந்த சல்ஃபேட் மென்மையானது, எளிதில் கரையும். வாரக்கணக்கில் அப்படியே விட்டால் அது பெரிய படிகங்களாக இறுகிவிடும். பிறகு எவ்வளவு நேரம் சார்ஜ் போட்டாலும் கரையாது. பேட்டரி "டவுன்" ஆகிறது என்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். பயன்படுத்திய பேட்டரியை அன்றே சார்ஜில் போடுங்கள் என்று சொல்வதும் இதனால்தான்.

எதிர்ப்பக்கம் பாருங்கள். நிரம்பிய பிறகும் வோல்டேஜை அழுத்திக்கொண்டே இருந்தால், கரைப்பதற்கு சல்ஃபேட் இல்லை. அந்த மின்சாரம் அமிலத்தில் உள்ள தண்ணீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்கத் தொடங்கும். கொஞ்சமாக நடந்தால் இந்த பேட்டரி சமாளித்துவிடும். நேர்த் தகட்டில் உண்டாகும் ஆக்சிஜன் எதிர்த் தகட்டுக்குப் போய் மறுபடி தண்ணீராகிவிடும். இந்த அமைப்பு இருப்பதால்தான் தண்ணீர் ஊற்றும் வேலை இல்லை. ஆனால் அளவு மீறினால் உள்ளே அழுத்தம் கூடி, மேல்மூடிக்கு அடியில் ஒவ்வொரு செல்லுக்கும் இருக்கும் சிறு ரப்பர் தொப்பி தூக்கிக்கொண்டு கேஸை வெளியே விடும். அப்படிப் போன தண்ணீர் போனதுதான். திரும்ப ஊற்ற வழியில்லை.

இதிலிருந்து ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். "சீல்டு" என்றால் காற்றே புகாத டப்பா என்று அர்த்தமில்லை. உள்ளே வால்வு இருக்கிறது, அது திறக்கவும் செய்யும். காற்றில் ஹைட்ரஜன் 4 சதவீதத்தைத் தொட்டாலே ஒரு பொறியில் பற்றிக்கொள்ளும். ஆகவே காற்று போக வழியில்லாத பெட்டிக்குள்ளோ மூடிய அலமாரிக்குள்ளோ வைத்துச் சார்ஜ் போடாதீர்கள். தலைகீழாக வைத்தும் போடாதீர்கள்.

இவற்றை வைத்துச் சார்ஜ் போடாதீர்கள்

12 வோல்ட் பேட்டரிக்கு 12 வோல்ட் அடாப்டர் போதும் என்று நினைப்பது புதியவர்கள் எல்லோருக்கும் வரும் குழப்பம். நிரம்பிய பேட்டரியே சும்மா இருக்கும்போது 12.8 வோல்ட்டுக்கு மேல் காட்டும். அதைவிடக் கீழே இருக்கும் அடாப்டரால் அதை நிரப்ப முடியாது. பாதி காலியாகவே பேட்டரி நின்று, சல்ஃபேட் இறுகிப் போகும்.

அடுத்தது, டிரான்ஸ்ஃபார்மரும், ஏசியை டிசியாக மாற்றும் பிரிட்ஜ் ரெக்டிஃபையரும் மட்டும் உள்ள எளிய சார்ஜர். நான் முதன்முதலில் செய்தது இதைத்தான். 12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர், நான்கு டயோடு, அவ்வளவுதான். ஒரு சனிக்கிழமை மாலை போட்டேன். திங்கட்கிழமை காலை பார்த்தபோது பேட்டரியின் இரண்டு பக்கச் சுவர்களும் உப்பி, தட்டையாக இருக்க வேண்டிய அடிப்பகுதியும் வளைந்து, மேஜையில் வைத்தால் ஆடியது. தொட்டால் கை சுட்டது. அறை முழுக்க அழுகிய முட்டை நாற்றம். ஜன்னலைத் திறந்து, சுவர் ஸ்விட்சை அணைத்துவிட்டு வெளியே வந்து நின்றேன். அது தீப்பற்றாமல் போனது என் சாமர்த்தியத்தால் இல்லை.

காரணத்தைப் பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 12 வோல்ட் ஏசியின் உச்சத்தைக் காண 12-ஐ 1.414-ஆல் பெருக்க வேண்டும்; ஏறத்தாழ 17 வோல்ட். டயோடுகளில் 1.4 வோல்ட் கழிந்தாலும் 15.5 மிஞ்சுகிறது. லோடு, அதாவது இழுக்கப்படும் கரண்ட், குறைவாக இருக்கும்போது டிரான்ஸ்ஃபார்மர் எழுதியிருப்பதைவிட அதிகமாகவே கொடுக்கும். ஆகவே பேட்டரி நிரம்பிய பிறகும் கரண்ட் நிற்கவே இல்லை. சூடு ஏற ஏற பேட்டரி இன்னும் அதிகக் கரண்ட்டை இழுக்கும், அதனால் இன்னும் சூடு ஏறும். இந்தச் சுழற்சியில் ஒருமுறை மாட்டிவிட்டால் பேட்டரி தானாக மீளாது.

கார் பேட்டரிக்கான பெரிய சார்ஜரையும் தவிருங்கள். அது தள்ளும் கரண்ட் 7 ஏஎச் பேட்டரிக்கு மிக அதிகம். ஈக்வலைஸ், டீசல்ஃபேட் என்ற பெயரில் 15.5 வோல்ட்டுக்கு மேல் ஏற்றும் வசதி சில சார்ஜர்களில் உண்டு. அது தண்ணீர் ஊற்றக்கூடிய பேட்டரிக்கானது, இதற்கு வேண்டாம். லித்தியம் பேட்டரி சார்ஜரின் வோல்டேஜ் கணக்கே வேறு.

குறைந்த செலவில் ஒரு நல்ல சார்ஜர்

கடையில் கிடைக்கும் சிறிய ஆட்டோமேட்டிக் சார்ஜரில் "சீல்டு" அல்லது "ஏஜிஎம்" என்று எழுதியிருந்து, கரண்ட்டும் உங்கள் பேட்டரிக்குப் பொருந்தினால் அதையே வாங்கிக்கொள்ளலாம். ஒயர், சால்டரிங் எல்லாம் பழக்கமில்லாதவர்களுக்கு அதுதான் பாதுகாப்பு. கையில் பழைய சாமான் இருக்கிறது, கொஞ்சம் வேலை தெரியும் என்றால் இப்படிச் செய்யலாம்.

வேண்டியவை: ஒரு பழைய லேப்டாப் அடாப்டர், 19 வோல்ட் கொடுப்பது. சிசி-சிவி வகை ஸ்டெப்-டவுன் மாட்யூல் ஒன்று, அதாவது வோல்டேஜைக் குறைத்து, வோல்டேஜ், கரண்ட் இரண்டையும் நாம் வைத்த அளவில் நிறுத்தும் சிறு சர்க்யூட் போர்டு. எக்ஸ்எல்4015 சிப் வைத்து வருவது எளிதில் கிடைக்கும். அதில் வோல்டேஜுக்கு ஒன்று, கரண்ட்டுக்கு ஒன்று என்று இரண்டு நீல நிற ப்ரீசெட் (ஸ்க்ரூடிரைவரால் திருப்பி அளவு வைக்கும் சிறு திருகு) இருக்க வேண்டும். ஒரே ப்ரீசெட் உள்ள மாட்யூலில் கரண்ட்டைக் கட்டுப்படுத்த முடியாது, வாங்காதீர்கள். பிறகு 1என்5822 ஷாட்கி டயோடு (கரண்ட்டை ஒரே திசையில் மட்டும் விடுவது) ஒன்று, 2 ஆம்ப் ஃப்யூஸும் அதற்கான ஹோல்டரும், 470 ஓம் 1 வாட் ரெசிஸ்டர் ஒன்று, சிவப்பு-கறுப்பு ஒயர், பேட்டரி டெர்மினலில் செருகும் கனெக்டர்கள். கடைசியாக ஒரு மல்டிமீட்டர். இது இல்லாமல் தொடங்கவே வேண்டாம்.

இணைக்கும் முறை: அடாப்டரின் பிளஸ், மைனஸ் இரண்டும் மாட்யூலின் உள்ளீட்டுக்கு. மாட்யூலின் வெளியீட்டு பிளஸிலிருந்து டயோடு, டயோடின் வெள்ளைக் கோடு பேட்டரிப் பக்கம் பார்த்திருக்க வேண்டும். டயோடிலிருந்து ஒயர், ஃப்யூஸ், அதன்பின் சிவப்பு கனெக்டர். வெளியீட்டு மைனஸிலிருந்து நேராகக் கறுப்பு கனெக்டர். ஃப்யூஸ் மாட்யூல் பக்கம் அல்ல, பேட்டரிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். ஒயர் ஷார்ட் ஆனால் நெருப்பை மூட்டப்போவது அடாப்டர் இல்லை, பேட்டரி. இந்தச் சிறு பேட்டரியே ஷார்ட்டில் நூறு ஆம்ப்புக்கு மேல் கொட்டும். கையில் மோதிரம், வளையல், உலோக வாட்ச் இருந்தால் கழற்றிவிட்டு வேலை செய்யச் சொல்வதும் அதற்காகத்தான்.

டயோடு எதற்கு என்று கேட்கலாம். கரண்ட் போய்விட்டால் பேட்டரியிலிருந்து மாட்யூலுக்குள் பின்னோக்கிப் பாயாமல் இருக்க. டயோடு இல்லாமல் விட்டால் இரவில் சார்ஜ் ஆக வேண்டிய பேட்டரி காலையில் குறைந்திருக்கும், சில சமயம் மாட்யூலும் போயிருக்கும்.

இனி அளவு வைக்கும் வேலை. இங்கே அவசரப்படாதீர்கள்.

முதல் படி. பேட்டரியை இணைக்காமல், சிவப்பு-கறுப்பு முனைகளுக்கு நடுவே அந்த 470 ஓம் ரெசிஸ்டரை மாட்டுங்கள். பேட்டரி நிரம்பும் தறுவாயில் எடுக்கும் சிறு கரண்ட்டுக்கு அது ஒரு மாற்று. அது இருந்தால்தான் டயோடு விழுங்கும் வோல்டேஜும் கணக்கில் வரும். ரெசிஸ்டர் வெதுவெதுப்பாகும், பயப்பட வேண்டாம்.

இரண்டாவது படி. மீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து அந்த முனைகளிலேயே, அதாவது டயோடுக்குப் பிறகு, அளந்துகொண்டே வோல்டேஜ் ப்ரீசெட்டைத் திருப்புங்கள். இந்த ப்ரீசெட்டுகள் பல சுற்று திரும்பும். ஐந்தாறு சுற்று திருப்பியும் எண் அசையவில்லை என்றால் கெட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள், தொடர்ந்து திருப்புங்கள். 13.8-இல் நிறுத்துங்கள். 13.6-இல் நின்றாலும் பாதகமில்லை. இப்போதைக்கு 14-ஐத் தாண்டக் கூடாது; எப்போது தாண்டலாம் என்பது பின்னால் வருகிறது.

மூன்றாவது படி, கரண்ட். அடாப்டரை அணைத்து, ரெசிஸ்டரைக் கழற்றுங்கள். கரண்ட் ப்ரீசெட்டை இடப்பக்கமாகத் திருப்பிக்கொண்டே போங்கள். முனையை எட்டியதும் மெல்லிய "கிளிக்" கேட்கும். அது மிகக் குறைந்த நிலை. இப்போது மீட்டரின் சிவப்பு ஒயரை 10 ஆம்ப் துளையில் செருகி, குமிழை 10 ஆம்ப் டிசிக்குத் திருப்பி, மீட்டர் முனைகளைச் சார்ஜரின் இரு முனைகளிலும் வையுங்கள். அடாப்டரைப் போட்டு, ப்ரீசெட்டை மெதுவாக வலப்பக்கம் திருப்பி 0.7 ஆம்ப் வந்ததும் நிறுத்துங்கள்.

நான்காவது படியை மறந்தால் மற்ற எல்லாம் வீண். அளந்து முடித்ததும் மீட்டரின் சிவப்பு ஒயரை ஆம்ப் துளையிலிருந்து உருவி வோல்ட் துளையில் மாற்றுங்கள். ஆம்ப் துளையிலேயே விட்டுவிட்டு அடுத்த நிமிடம் பேட்டரியின் வோல்டேஜைப் பார்க்கப் போனால், நீங்கள் அளக்கவில்லை, பேட்டரியை ஷார்ட் செய்கிறீர்கள். அந்தத் துளைக்கு ஃப்யூஸே இல்லாத மலிவு மீட்டர்கள் உண்டு. கையிலேயே ஒயர் உருகும்.

முடிந்தது. ப்ரீசெட் தானாக நகராமல் இருக்க ஒரு சொட்டு நகச்சாயம் வைத்துவிடுங்கள்.

வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் எல்எம்317 ஐசி வைத்தும் இதைச் செய்யலாம், ஆனால் மிஞ்சும் வோல்டேஜ் அத்தனையும் சூடாக வெளியே வரும். 19 வோல்ட்டிலிருந்து 12-க்கு இறக்கி 0.7 ஆம்ப் கொடுத்தால் ஏறத்தாழ 5 வாட் சூடு. சூட்டை வெளியேற்றும் நல்ல உலோக ஹீட்சிங்க் வேண்டும். மாட்யூல் கிடைக்கும்போது அந்தச் சிரமம் எதற்கு.

சார்ஜ் போடும்போது

பேட்டரியை முதலில் கண்ணால் பாருங்கள். உப்பியிருக்கிறதா, விரிசல் உண்டா, டெர்மினலைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்திருக்கிறதா. உப்பியதையும் விரிந்ததையும் சார்ஜில் போடவே கூடாது. வெள்ளைப் பொடி மட்டும் என்றால் சோடா உப்பு கரைத்த தண்ணீரில் துணியை நனைத்துப் பிழிந்து துடைத்து, காயவிட்டுத் தொடரலாம்.

பற்றாத தரையில், காற்றோட்டமான இடத்தில், நிமிர்த்தி வையுங்கள். மெத்தை, துணி, பேப்பர் மேல் வேண்டாம். பக்கத்தில் விளக்கு, ஊதுபத்தி, சிகரெட் எதுவும் வேண்டாம்.

சார்ஜர் அணைந்திருக்கும்போதே சிவப்பை பிளஸிலும் கறுப்பை மைனஸிலும் மாட்டுங்கள். மாற்றி மாட்டினால் ஃப்யூஸ் போகும். அத்தோடு போனால் நல்லது. இரண்டாவது முறை கண்ணால் சரிபார்த்துவிட்டு ஸ்விட்சைப் போடுங்கள். எடுக்கும்போது தலைகீழ்: முதலில் ஸ்விட்ச், பிறகு ஒயர். கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒயரை உருவினால் பொறி பறக்கும், அந்த இடத்தில்தான் ஹைட்ரஜன் இருக்கக்கூடும்.

பாதி காலியான 7 ஏஎச் பேட்டரியைப் போட்டால், முதல் சில மணி நேரம் கரண்ட் 0.7 ஆம்ப்பிலேயே நிற்கும், வோல்டேஜ் 12.5, 13 என்று மெல்ல ஏறும். 13.8-ஐத் தொட்டதும் நிலைமை தலைகீழாக மாறும்: வோல்டேஜ் அங்கேயே நிற்கும், கரண்ட் இறங்கத் தொடங்கும். அரை ஆம்ப், கால் ஆம்ப், 100 மில்லி ஆம்ப். இந்த இறக்கத்தைத்தான் பொறுமையாக விட வேண்டும். வோல்டேஜ் வந்துவிட்டது என்று இந்த இடத்தில் கழற்றிவிடுகிறவர்கள் அதிகம். கடைசி கால்பங்கு சார்ஜ் இந்த மெதுவான நேரத்தில்தான் ஏறுகிறது. தகட்டின் ஆழத்தில் இருக்கும் சல்ஃபேட் கரைவதும் அப்போதுதான். கரண்ட் 70 மில்லி ஆம்ப்புக்குக் கீழே போய் அங்கேயே நின்றால் நிரம்பிவிட்டது. 13.8-இல் இதற்கு ஒரு நாள் வரை ஆகலாம். ஆகட்டும். இந்த வோல்டேஜில் அதிக நேரம் விட்டாலும் கெடுதல் இல்லை என்பதுதான் புதியவர்களுக்கு நான் இதையே சொல்வதற்குக் காரணம்.

தினமும் தீர்த்து தினமும் நிரப்ப வேண்டிய பேட்டரிக்கு 13.8 போதாது. அதற்கு 14.4-இல் வைத்து, கரண்ட் 150 மில்லி ஆம்ப் அளவுக்கு இறங்கியதும் கழற்றுங்கள். வீட்டில் ஆள் விழித்திருக்கும் நேரத்தில் மட்டும் இதைச் செய்யுங்கள். மறந்து தூங்கிவிடக்கூடியவர் என்றால் ஒரு டைமர் சாக்கெட் போட்டுக்கொள்ளுங்கள்.

இடையிடையே புறங்கையால் பேட்டரியின் பக்கவாட்டைத் தொட்டுப் பாருங்கள். சாதாரணமாக வெதுவெதுப்புகூடத் தெரியாது. சூடு நன்றாகத் தெரிந்தால் உடனே நிறுத்துங்கள்.

வெயிலும் குளிரும்

13.8 என்பது 25 டிகிரிக்கான எண். வெப்பம் ஒவ்வொரு டிகிரி கூடும்போதும் ஸ்டாண்ட்பை வோல்டேஜை ஏறத்தாழ 18 மில்லிவோல்ட் குறைக்க வேண்டும். குளிரும்போது அதே அளவு கூட்ட வேண்டும். அறை எப்போதும் 35 டிகிரியில் இருக்கிறது என்றால் 13.6 சரி. 10 டிகிரி குளிரில் 14.1 வரை போகலாம். 14.4-இல் சார்ஜ் போடுபவர்களுக்கு டிகிரிக்கு 30 மில்லிவோல்ட்.

25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் பேட்டரியின் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும். யுபிஎஸ்ஸுக்குள் சூடான டிரான்ஸ்ஃபார்மருக்குப் பக்கத்தில் அடைந்து கிடக்கும் பேட்டரி சீக்கிரம் போவது இதனால்தான். யுபிஎஸ்ஸைச் சுவரோடு ஒட்டி வைக்காமல் நான்கு விரல் தள்ளி வைப்பதற்கு ஒரு பைசா செலவில்லை.

மீட்டரே தவறாகக் காட்டினால்

எல்லாவற்றையும் மீட்டரை நம்பித்தான் செய்கிறோம். சில மலிவு டிஜிட்டல் மீட்டர்களில், உள்ளே இருக்கும் 9 வோல்ட் பேட்டரி தீர்ந்துபோகும் தறுவாயில் அளவு கூடுதலாகக் காட்டும். எனக்கு ஒருமுறை இது நடந்தது. மீட்டர் 13.8 காட்டியது, உண்மையில் 13.1-தான் இருந்திருக்கிறது. மூன்று மாதம் ஒழுங்காகச் சார்ஜில் இருந்த பேட்டரி பத்து நிமிடத்தில் அணைந்துபோனபோதுதான் இன்னொரு மீட்டரை வைத்துப் பார்த்தேன். திரையின் மூலையில் சின்னஞ்சிறு பேட்டரிப் படம் தெரிகிறதா என்று பாருங்கள், தெரிந்தால் உள் பேட்டரியை மாற்றாமல் அளவு வைக்காதீர்கள். வருடத்துக்கு ஒருமுறையாவது நண்பரின் மீட்டரோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

எவ்வளவு இருக்கிறது என்று எப்படித் தெரியும்

சார்ஜரிலிருந்து எடுத்த உடனே அளக்காதீர்கள். மேலோட்டமான வோல்டேஜ்தான் தெரியும். குறைந்தது சில மணி நேரம், முடிந்தால் ஒரு நாள், எதிலும் இணைக்காமல் விட்டு அளந்தால் 12.8-க்கு மேல் என்றால் நிரம்பியது. 12.2, 12.3 என்றால் பாதி. 11.8 என்றால் காலி. பயன்படுத்தும்போது, லோடோடு, 10.5-க்குக் கீழே போக விடாதீர்கள். பாதியிலேயே நிறுத்தி நிரப்புகிறவரின் பேட்டரி, அடிவரை தீர்க்கிறவரின் பேட்டரியைவிட அதிக தடவை சார்ஜ் ஏறும்.

வோல்டேஜ் நன்றாகக் காட்டியும் சரக்கு இல்லாத பேட்டரிகள் உண்டு. அதற்கு ஒரு சோதனை: கார் இண்டிகேட்டரில் வரும் 12 வோல்ட் 21 வாட் பல்பை இணைத்து, 10.5 வோல்ட் வரும்வரை எத்தனை நேரம் எரிகிறது என்று பாருங்கள். நல்ல 7 ஏஎச் பேட்டரியில் மூன்று மணி நேரத்துக்குப் பக்கத்தில் எரியும். ஒன்றரை மணி நேரம் என்றால் பாதி ஆயுள்தான் மிச்சம். அரை மணியில் மங்கினால் மாற்ற வேண்டியதுதான். சோதனை முடிந்த கையோடு சார்ஜில் போட மறக்காதீர்கள்.

நாள்கணக்கில் காலியாகக் கிடந்த பேட்டரி

9 வோல்ட், 6 வோல்ட் என்று காட்டும் பேட்டரி கைக்கு வந்தால் ஆட்டோமேட்டிக் சார்ஜர்கள் சில அதைத் தொடவே மறுக்கும். நாம் செய்த சார்ஜர் மறுக்காது. கரண்ட்டை 0.3 ஆம்ப்புக்கு இறக்கி, 13.8-இல் வைத்துக் கண்காணியுங்கள். முதலில் சில மில்லி ஆம்ப்தான் போகும்; சல்ஃபேட் இறுகியிருப்பதால் உள்தடை அதிகம். சில மணி நேரத்தில் கரண்ட் மெல்ல ஏறத் தொடங்கினால் நம்பிக்கை உண்டு. ஓரிரு நாள் விட்டுவிடுங்கள். பழைய அளவுக்குத் திரும்பாது, ஆனால் ஒரு சிறு லைட்டுக்குப் பயன்படலாம்.

இப்படியும் ஆகலாம்: கரண்ட் முழுதாக ஓடுகிறது, வோல்டேஜ் 10.5, 11-ஐத் தாண்டவே இல்லை, பேட்டரியின் ஒரு பக்கம் மட்டும் சூடாகிறது. ஒரு செல் ஷார்ட் ஆகிவிட்டது. அதற்கு மருந்து இல்லை. மேல்மூடியைப் பெயர்த்து டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி உயிர்ப்பிக்கும் வித்தையைப் பலர் சொல்வார்கள். வால்வு ஒருமுறை கெட்டால் கேஸும் ஆசிட் துளியும் கட்டுப்பாடில்லாமல் வரும். வீட்டுக்குள் வைக்கும் பொருளுக்கு அது வேண்டாம் என்பது என் கருத்து.

இன்னும் சில

பயன்படுத்தாமல் எடுத்து வைப்பதென்றால் முழுதாக நிரப்பி, குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள். மாதத்துக்கு மூன்று சதவீதம் அளவுக்குத் தானாகக் குறையும், வெப்பத்தில் இன்னும் வேகமாக. 20 டிகிரியில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, 30 டிகிரியில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை நிரப்புங்கள். கடைசியாகச் சார்ஜ் போட்ட தேதியை ஒரு துண்டு டேப்பில் எழுதி பேட்டரியிலேயே ஒட்டிவிட்டால் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

இரண்டைத் தொடராக இணைத்து 24 வோல்ட் ஆக்குவதென்றால் ஒரே கம்பெனி, ஒரே ஏஎச், ஒரே வயது. பழையதோடு புதியதைச் சேர்த்தால் ஒன்று குறைவாகவும் மற்றது அதிகமாகவும் சார்ஜாகி இரண்டும் கெடும். மாதம் ஒருமுறை தனித்தனியாக அளந்து, வித்தியாசம் தெரிந்தால் தனித்தனியாக நிரப்புங்கள்.

சோலார் பேனலை நேராக இணைக்காதீர்கள். 12 வோல்ட் என்று விற்கப்படும் பேனல் வெயிலில், லோடு இல்லாதபோது, 21 வோல்ட் வரை போகும். நடுவே சார்ஜைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் வேண்டும், அதில் "சீல்டு" என்ற அமைப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

உயிர் போன பேட்டரியைக் குப்பையில் போடாதீர்கள். அதன் எடையில் பெரும்பகுதி ஈயம். மண்ணிலும் தண்ணீரிலும் சேர்ந்தால் குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும் நஞ்சு. ஈயத்தை எடுக்கிறேன் என்று வீட்டில் உடைக்கவோ உருக்கவோ செய்யாதீர்கள். இரண்டு டெர்மினல்களிலும் இன்சுலேஷன் டேப் ஒட்டி, புது பேட்டரி வாங்கும் இடத்திலேயே கொடுத்துவிடுங்கள். பழையதற்கென்று ஒரு தொகையைக் கழித்துக்கொள்ளும் கடைகள் உண்டு. அந்த ஈயத்தை உருக்கி மறுபடி புது பேட்டரித் தகடாக வார்க்கிறார்கள்.